சுவர்க்காரனுக்கு ஒரு முடிவு

கலா ஃபெரேரா
2 மார்ச் 1954

செந்தா,

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. பொனிஃபாசி தன் மீன் லாரியில், நெத்திலிப் பெட்டிகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தான். இந்தக் கடிதமும் அவன் கையோடு எல்லை தாண்டிப் பிரான்சில், பெர்ப்பிஞானில்தான் தபாலில் விழும். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற நம் ஊர்த் தபாலில் நீ எழுதினால் மட்டும் வழக்கம்போல அத்தையின் மூட்டுவலியை விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்.

எனக்குப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டித்தான் வரும். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மீன்கள் கல்யாணம் செய்துகொள்ளும் கதை ஒன்றும் புரியவில்லை. உப்பு நாற்காலியில் உட்கார்ந்து கரைந்துபோகும் நீதிபதியும் புரியவில்லை. பெரிய ஓவியர், பாரிஸில் உன் படத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்களாம், எழுதுவதும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு 'சுவர்க்காரன்' வந்தது. அது மட்டும் எனக்கு அகராதி இல்லாமலே புரிந்தது.

சமையலறைத் தட்டு அலமாரிக்குப் பின்னால் ஒருவன் சுவருக்குள் வசிக்கிறான். அவன் அக்கா ஒரு செங்கல்லை உருவிவிட்டு அந்தத் துளை வழியாக அவனுக்குப் பூண்டுக் கஞ்சி ஊற்றுகிறாள். அவன் தாடியை வெட்டிச் சேர்த்துத் தலையணை தைக்கிறாள். அவன் இருமும்போதெல்லாம் அவள் இரும்புச் சட்டியைத் தரையில் போட்டு உருட்டுகிறாள். பின்னட்டையில் யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார், 'என்ன கட்டற்ற கற்பனை!' என்று. அவரை என் சமையலறைக்கு அனுப்பி வை. எந்த வார்த்தை கற்பனை என்று அவர் காட்டட்டும்.

அத்தனையும் நான் உனக்கு எழுதியது. வேறு யாரிடம் சொல்வேன் நான்? உள்நாட்டுப் போரில் நாம் தோற்று, நர்சீஸ் உள்ளே போய்ப் பதினைந்து வருடம். அவனோடு ஊர்க் கமிட்டியில் இருந்த மற்ற இருவரையும் இடுகாட்டுச் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். மாதா கோயில் மணிகளை இறக்கி உருக்க அனுப்பிய தாளில் முதல் கையெழுத்து நம் தம்பியுடையது. அவன் பிரான்சுக்கு ஓடிவிட்டான், அங்கேயே செத்தும் போனான் என்று நான் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஊரை நம்பவைத்திருக்கிறேன். அவன் உள்ளே உட்கார்ந்து வலை முடைகிறான். அதை நான் முடைந்ததாகச் சொல்லிப் படகுக்காரர்களிடம் கொடுத்துத்தான் இரண்டு வயிறு நனைகிறது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் வாசலோடு அனுப்பினேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

நீ குதிரைக்கு மீன் தலை வரைந்துகொள், கோபுரத்துக்குப் பல் முளைக்கவை, நான் கேட்டேனா? படம் பேசாது. எழுத்து பேசும். நம் மருந்துக்கடைக்காரர் மோன்பெலியேயில் படித்தவர், பிரெஞ்சுப் பத்திரிகை வரவழைப்பவர். காவல்படைக் கார்ப்பரல் தினமும் அவர் கடையில் சீட்டாடுகிறார். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

அந்தக் கதையை எடுத்துவிடு. அடுத்த பதிப்பில் இருக்கக் கூடாது. வேறு மொழிக்கும் போகக் கூடாது.

ரொசேர்


பாரிஸ்
19 மார்ச் 1954

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். நீ திட்டினால் எனக்கு இன்னும் பாவாடை நனைந்துவிட்ட சின்னப் பெண் போலத்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நம்பு. நான் அதை எழுத உட்காரவில்லை. எங்கள் சர்ரியலிஸ்ட் கூட்டத்தில் எழுதுவது எப்படியென்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கக் கூடாது. கை போகிற வேகத்தில் போக விட வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. அன்று காலை நான் குதிரையைப் பற்றித்தான் தொடங்கினேன். இரண்டாவது வரியில் குதிரை ஒரு தட்டு அலமாரியை நகர்த்தியது. அதன் பின்னால் அவன் இருந்தான். நான் அழுதுகொண்டே எழுதினேன். நிறுத்தியிருக்கலாமே என்பாய். நிறுத்தினால் அது பொய்.

இங்கே யாராவது நம்பினார்கள் என்றா நினைக்கிறாய்? கஃபேயில் சத்தமாகப் படித்தேன். கைதட்டினார்கள். ஒருவர் அந்தச் சுவர் என் தாயின் கருப்பை என்றார். இன்னொருவர் இல்லை, அது ஐரோப்பா என்றார். இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறை. அது நம் வீட்டுச் சுவர், சுண்ணாம்பு அடித்துக் கொஞ்ச நாள் ஆகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கனவு என்று பெயர் வைத்துப் பரிமாறினால் மறைக்கலாம், அக்கா. எல்லோரும் அதையே தின்றுவிட்டுப் பூசணிக்காய் எங்கே என்பார்கள்.

புத்தகம் சில நூறு பிரதிதான். மருந்துக்கடைக்காரர் அரசியல் பத்திரிகை படிப்பவர், எங்களைப் பைத்தியங்கள் என்று நினைப்பவர், தொடமாட்டார். இருந்தாலும் பதிப்பாளரிடம் பேசுகிறேன். இப்போது கேட்டால் ஏன் என்று கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது? சமயம் பார்த்துப் பேசுகிறேன்.

என் படங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் என் எழுத்துதான் நான் என்று இப்போதுதான் சிலர் சொல்கிறார்கள். அந்தக் கதையால்தான் சொல்கிறார்கள். இதை உன்னிடம் சொல்லக் கூடாதுதான்.

நர்சீஸுக்குத் தெரியுமா? எனக்கு அவனைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. பார்க்க வேறு வழி இல்லாமல்தான் எழுதினேன்.

செந்தா


கலா ஃபெரேரா
11 ஏப்ரல் 1954

செந்தா,

சமயம் பார்த்துப் பேசு. நாங்கள் இங்கே சமயம் பார்த்துத்தான் இருமுகிறோம்.

நர்சீஸுக்குத் தெரிந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தனியாகப் புலம்பியிருக்கிறேன். சுவருக்குப் பின்னால் இருப்பவனுக்குக் காதுதானே கண். மதியம் ஊர் உண்டுவிட்டுப் படுக்கும் நேரத்தில் நான் சன்னல்களைச் சாத்திவிட்டு, அலமாரியை நகர்த்தி அவனை வெளியே விடுவேன், கொஞ்ச நேரம் அடுப்படியில் உட்காருவான். அன்று வந்ததும் கையை நீட்டினான். புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். வாத்தியார் வேலை பார்த்தவனிடம் எதை ஒளிப்பது?

முதலில் சிரித்தான். செந்தா, நான் அவன் சிரித்துப் பார்த்தே வருடங்கள் ஆகின்றன. சத்தம் வெளியே போய்விடும் என்று நான் துண்டை எடுத்து அவன் வாயில் திணித்தேன். துண்டுக்குள் சிரித்தான். "என்னைவிட அவளுக்கு என் தாடி நல்லாத் தெரியுது" என்றான். மறுநாள் மறுபடியும் படித்தான். கருப்பை என்று சொன்ன மனிதரைப் பற்றி நான் சொன்னதும் இன்னும் சிரித்தான்.

மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. என்னடா என்றால் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். அதில் நீ வீட்டையே இடித்துவிடுகிறாய். சுவர் போய்விடுகிறது. ஆனால் அவன் கைகளை ஒடுக்கிக்கொண்டு அதே இடத்தில் காற்றில் நிற்கிறான், நகரத் தெரியாமல். ஊர் அவனைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதுதானே முடிவு?

"வீட்டை இடிச்ச பெறகும் என்னை அங்கயே நிக்க வெச்சுட்டாளே. ரெண்டு எட்டு நடக்க விட்டா அவளுக்கு என்ன போச்சு?" என்று கேட்டான். நான் அது வெறும் கதைடா என்றேன். "எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்" என்றான். 

அன்றிலிருந்து அவன் வலையில் கை வைக்கவில்லை. துளை வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். உன்னிடம் சொல்லி முடிவை மாற்றச் சொல்ல வேண்டுமாம். கடலுக்குப் போக வேண்டுமாம், கதையில். வீட்டிலிருந்து கடலுக்கு நம் சந்து ஒன்றுதான் தூரம். அலைச் சத்தம் அவனுக்கு நாள் முழுக்கக் கேட்கிறது. பதினைந்து வருடமாக ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

நான் கேட்பது கதை போக வேண்டும் என்று. அவன் கேட்பது கதையில் நடக்க வேண்டும் என்று. இரண்டில் எதை நீ செய்வாயோ எனக்குத் தெரியாது. உன்னால் எங்களுக்குள்ளும் சண்டை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை, சத்தம் வெளியே கேட்கும் என்று.

ரொசேர்


பாரிஸ்
6 மே 1954

அக்கா,

எத்தனை தடவை அந்தக் கடிதத்தைப் படித்தேன் தெரியுமா? இத்தனை பேர் என் கதையைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்காவது அந்த முடிவு வலிக்கவில்லை. அவனுக்கு வலித்திருக்கிறது.

பதிப்பாளரிடம் பேசினேன். பாதிதான் பேசினேன், மறைக்க மாட்டேன். அந்தக் கதை இல்லாமல் புத்தகம் இல்லை என்றார். புவனோஸ் ஐரஸில் ஒருவர் அதை ஸ்பானிய மொழியில் கொண்டுவரக் கேட்டிருக்கிறாராம். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோபப்படாதே. மாட்டேன் என்று எழுதிய காகிதம் மேசையில் இருக்கிறது.

அச்சான முடிவை மாற்ற என்னால் ஆகாது. எங்கள் கூட்டத்தில் எழுதியதைத் திருத்தி அச்சிட்ட ஒரு கவிஞனை ஓட்டெடுத்து வெளியே அனுப்பினார்கள். அவனோடு இன்று யாரும் காபி குடிப்பதில்லை. உனக்கு இது சிரிப்பாக இருக்கும். உனக்கு உன் ஊர் போல எனக்கு இவர்கள்தான் ஊர்.

ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நேற்றுக் காலை காகிதத்தை எடுத்துக் கையை விட்டுவிட்டேன். நிற்காமல் வந்தது. நான் எழுதியதிலேயே நல்லது இதுதான், யாரும் படிக்கப்போவதில்லை. அவனுக்கு மட்டும். துளை வழியாகக் கொடுத்துவிடு:

'கார்மென் மாதா திருநாள். ஊர் மொத்தமும் படகேறி மாதாவோடு கடலுக்குப் போயிருந்தது. உச்சி வெயிலில் தெருக்கள் நாய்களைப் போல நாக்கை நீட்டிப் படுத்திருந்தன. சுவர்க்காரன் சுவரைச் சட்டையைப் போலக் கழற்றி ஆணியில் மாட்டினான். சந்தில் இறங்கினான். உப்புக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற சின்னத் துறைக்கு வந்தான். அங்கே யாரும் இல்லை. கடல் தலையைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு நேரமா என்று கேட்டது. வழியில் ஒரு சுவர் பிடித்துக்கொண்டது என்றான். செருப்பைக் கழற்றாமல் உள்ளே நடந்தான். நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்கு வந்தபோது ஆணியில் மாட்டிய சுவரை ஒரு பறவை தூக்கிப்போயிருந்தது.'

அவன் என்ன சொன்னான் என்று மறக்காமல் எழுது.

செந்தா


கலா ஃபெரேரா
30 மே 1954

செந்தா,

கொடுத்தேன். கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவன் முகத்தைப் பார்த்து மனம் கேட்கவில்லை.

என்ன சொன்னான் என்று கேட்டிருந்தாயே.  அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அன்று இரண்டு கிண்ணம் கஞ்சி வாங்கிக் குடித்தான். மறுநாள் வலையை எடுத்தான். எனக்குப் போன உயிர் வந்தது. நீ செய்ததற்கு மாதாவுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றினேன், உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும்.

இப்போது வேறு மாதிரி பயம். மதியம் வெளியே வந்தால் உட்காருவதில்லை, அடுப்படியில் நடக்கிறான். சுவரைக் கையால் தடவிக்கொண்டேதான் நடக்க வருகிறது. கையை எடுத்தால் தள்ளாடுகிறான். நேற்று அப்பாவின் செருப்பு எங்கே என்று கேட்டான். எதற்கு என்றேன். கால் ஆணிக்கு என்றான். கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் தேவாலய நாட்காட்டியை ஏன் கண்ணை இடுக்கிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா? ஜூலையில் வரும் கார்மென் திருநாளுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறான்.

நான் சொன்னால் கேட்க மாட்டான். "நீ பயத்துலயே பொறந்தவ" என்கிறான். நீ சொன்னால் கேட்பான். அவனுக்கு இன்னொன்று எழுது. அந்த ஆள் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இது வேண்டாம், நாளைக்கு வரலாம் என்று திரும்பி வருவதாக எழுது. அவன் சுவருக்குள்ளேயே சந்தோஷமாக இருப்பதாக எழுது. எப்படியாவது எழுது. கதவில் ஆணி அடிக்க என்னால் முடியும், அவன் தலைக்குள் நீ திறந்துவிட்டதை நான் எதைக் கொண்டு மூடுவேன்?

திருநாளுக்கு முன் வந்து சேர வேண்டும்.

ரொசேர்


பாரிஸ்
27 ஜூன் 1954

அக்கா,

அவசரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். கண்காட்சி திறக்க மூன்று நாள்தான் இருக்கிறது. படங்களை மாட்டுகிறவர்கள் தலைகீழாக மாட்டிவிட்டு அப்படித்தான் நன்றாக இருக்கிறது என்று என்னிடமே சொல்கிறார்கள்.

வீணாகக் கலங்காதே. நர்சீஸ் இலக்கியம் கற்பித்தவன். கதைக்கும் தெருவுக்கும் வித்தியாசம் தெரியாதவனா? அவன் நடப்பது நல்லதுதான், ரத்தம் ஓடும்.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். உண்மையாகவே உட்கார்ந்தேன். 'திரும்பி வந்தான்' என்று தொடங்கினால் கை மரத்துப்போகிறது. யாரோ சொல்லி எழுதினால் வருவதில்லை, அக்கா. வந்தாலும் அவன் கண்டுபிடித்துவிடுவான். கண்காட்சி முடியட்டும். அமைதியாக உட்கார்ந்து அவனுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதுகிறேன்.

என் அன்பை அவனுக்குச் சொல்.

செந்தா


கலா ஃபெரேரா
2 ஆகஸ்ட் 1954

செந்தா,

இதைப் பொனிஃபாசியின் மனைவி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னையும் பிடித்து வைத்திருந்தவர்கள் நேற்றுத்தான் விட்டார்கள். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.

நர்சீஸைப் பிடித்துவிட்டார்கள்.

நீ இங்கே பிறந்தவள்தானே? கார்மென் திருநாளைப் பற்றி எழுதினாயே, காற்றை எப்படி மறந்தாய்? அன்று காலையிலேயே வடக்கு மலைக்காற்று எழும்பிவிட்டது. மீன் சந்தையின் கூரைத் தகரம் பறந்தது. அந்தக் காற்றில் எந்தப் படகு போகும்? நம் ஊரில் காற்று வந்தால் மாதாவை எங்கே எடுத்துப்போவார்கள்? காற்று அடிக்காத ஒரே இடம் உப்புக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற சின்னத் துறை. நீயும் நானும் வெள்ளைக் கவுன் போட்டு நின்ற இடம்தான். ஊர் மொத்தமும் அங்கேதான் நின்றது. பதினைந்து வருடமாகச் சுவருக்குள் இருப்பவனுக்கு அது மறந்துபோகலாம். உனக்குமா?

நான் காலையில் அவனிடம் போகாதே என்று சொல்லவில்லை. சொன்னால் ஞாபகப்படுத்தினது போல ஆகும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் ஊர்வலத்தில் இல்லாவிட்டால் கேள்வி வரும் என்பதால் போனேன். தட்டு அலமாரியை இழுத்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

பெண்கள் பாடிக்கொண்டிருந்தோம். சந்தின் முனையில் அவன் வந்தான். அப்பாவின் செருப்பு. வெளுத்த சட்டை. கிடங்கின் சுவரைத் தடவிக்கொண்டே வந்தான், வெயிலில் கண் திறக்க முடியாமல். சுவர் முடிந்த இடத்தில் நின்றான். அப்போதுதான் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. ஒருவர்கூடக் கத்தவில்லை. செத்தவன் எழுந்து வருகிறான் என்று ஒருவர்கூடச் சிலுவை போடவில்லை. வழிவிட்டார்கள். ரொட்டிக்கடைப் பிலொமேனா அவன் பக்கத்தில் வந்ததும், "நர்சீஸ், சாப்டியா?" என்று கேட்டாள், நேற்றுப் பார்த்தவனைக் கேட்பது போல.

அவர்களுக்குத் தெரியும், செந்தா. எல்லோருக்கும் தெரியும். எத்தனை வருடமாகவோ தெரியும். பிலொமேனா பிறகு என்னிடம் சொன்னாள், "ஒருத்திக்கு அவ்ளோ ரொட்டியான்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா?" வலை வாங்குகிற கிழவர் என்ன சொன்னார் தெரியுமா? நர்சீஸ் இடதுகைக்காரன், முடிச்சு எல்லாம் இடப்பக்கமாகத் திரும்பி இருக்குமாம். துறைமுகத்தில் அதைப் பார்த்தாலே தெரியுமாம். மருந்துக்கடைக்காரர் உன் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு அடுப்பில் போட்டிருக்கிறார். அப்போதே கார்ப்பரலிடம், வேண்டுமென்றே ஆட்டத்தில் தோற்றுவிட்டு, "எழுதறவங்க எதையாவது எழுதுவாங்க" என்று சொன்னாராம். கார்ப்பரலும், "நான் பிரெஞ்சு படிச்சதில்ல" என்றாராம். அவருக்கும் தெரியும். ஊர் முழுக்கச் சேர்ந்து எங்களைச் சுற்றி இன்னொரு சுவர் கட்டியிருந்தது. நான் அது தெரியாமல் சட்டியை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று ஜிரோனா நகரத்திலிருந்து திருநாளுக்கென்று ஒரு காவல்படைக் கேப்டன் வந்திருந்தார். அவர் மட்டும்தான் வெளியூர். பாட்டு ஏன் நின்றது என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆள் யார் என்று கேட்டார். அப்போதும் யாரும் திறக்கவில்லை. பாடிக்கொண்டே இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். பாட்டை நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. கேப்டன் கார்ப்பரல் பக்கம் திரும்பினார்.

நர்சீஸ் தண்ணீர் வரை போய்விட்டிருந்தான். கார்ப்பரல் உடனே போகவில்லை. அதை அவருக்காகச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் விட்டார். பிறகு போய் அவன் தோளைத் தொட்டார். அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு என்னைக் கடக்கும்போது அவர் அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"உள்ளயே இருந்திருக்கக் கூடாதாய்யா?"

இப்போது நகரத்துச் சிறையில் இருக்கிறான். என்னை விடுவதற்கு முன் ஒரு முறை பார்க்கவிட்டார்கள். உன் காகிதத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். அது ஏதோ சங்கேதச் செய்தி என்று விசாரணையில் கேட்டுக் கேட்டு அடிக்கிறார்கள். 'பறவை' யார் என்று கேட்கிறார்களாம்.

ரொசேர்


பாரிஸ்
21 ஆகஸ்ட் 1954

அக்கா, என் அக்கா,

என்ன எழுதுவது? நான் கொன்றேன் என்று எழுதட்டுமா? எழுதினால் உனக்கு ஆறுமா?

தூதரகத்துக்குப் போனேன், உள்ளேயே விடவில்லை. எங்கள் கூட்டம் கூடி ஓர் அறிக்கை போட்டது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இப்போதுதான் அந்தக் கதை உண்மை என்று அவர்களுக்குத் தெரிந்தது. கருப்பை என்று சொன்னவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நர்சீஸின் படம் ஒன்று கேட்கிறார்கள், பத்திரிகையில் போட. உலகம் பேசினால் விடுவார்கள் என்கிறார்கள். அனுப்புகிறாயா? என்னைக் கேட்டால் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு என்ன இருக்கிறது என் கையில்?

அவர்கள் என்னை எழுதச் சொல்கிறார்கள். நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆணையாக எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. நீ அவன் தண்ணீர் வரை போனான் என்று எழுதினாய். கார்ப்பரல் கொஞ்ச நேரம் விட்டார் என்று எழுதினாய். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் என்ன செய்தான்? உள்ளே இறங்கினானா? செருப்பைக் கழற்றினானா? ஏதாவது சொன்னானா? கண்ணை மூடினால் அவன் கரையில் நிற்கிறான், அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறான். எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரே ஒரு வரி போதும்.

செந்தா


கலா ஃபெரேரா
9 அக்டோபர் 1954

செந்தா,

படம் அனுப்பவில்லை. இனி தேவையும் இல்லை. நர்சீஸ் போன வாரம் இறந்துவிட்டான். நுரையீரல் என்று சொன்னார்கள். சிறையில் திறந்த முற்றத்தில் நாள் முழுக்க நிற்கவைத்தார்களாம், அத்தனை வெளிச்சமும் காற்றும் அவன் உடம்பு தாங்கவில்லை. உடலைக் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்கு மற்றவர்களோடு என்றார்கள்.

நான் மறுபடியும் கறுப்புத் துணி கட்டினேன். பிலொமேனா வந்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் எல்லோரும் வந்தார்கள். பதினைந்து வருடம் பேசாமல் இருந்தவர்கள் இப்போது அவனைப் பற்றி நிறுத்தாமல் பேசுகிறார்கள். காப்பாற்ற ஆள் இல்லை என்றானதும் எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது. எனக்கு எழுந்து போங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்திப் பழக்கமில்லை.

உன் அறிக்கையைப் பொனிஃபாசி கொண்டுவந்து காட்டினான். நர்சீஸ் பெயரைவிட உன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. நீ போட்டிருக்க மாட்டாய், அவர்கள் போட்டிருப்பார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம்.

உன் மேல் கோபமா என்றால், இருக்கிறது. சாகும்வரை இருக்கும். ஆனால் நீ அனுப்பிய காகிதத்தைத் துளை வழியாகக் கொடுத்த கை என்னுடையது. அதனால் உன்னை மட்டும் திட்டிவிட்டுத் தூங்க என்னால் ஆகவில்லை.

இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன். எழுதினால் ஏதாவது சொல்லிவிடுவேன். அவன் கஞ்சி எப்படிக் குடிப்பான், எப்படி இருமுவான், எல்லாம் உனக்குக் கொடுத்துவிட்டேன். நீ அதையெல்லாம் எழுதினாய், அழகாகத்தான் எழுதினாய். நீ சத்தியம் செய்திருப்பதும் உண்மைதான். ஆனால் ஒரு நாள் காலையில் குதிரையைப் பற்றி எழுத உட்காருவாய்.

தண்ணீரில் அவன் என்ன செய்தான் என்று கேட்டிருக்கிறாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் பார்த்தேன். அவன் சொன்னதும் கேட்டேன்.

உனக்குச் சொல்ல மாட்டேன்.

ரொசேர்